ஊசி தெரியும், கதவு தெரியாது

என் அறைக்கு வருகிற பலர் உட்காருவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "இதுக்கு மேல செய்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார்." டாக்டர் சொன்னது பொய்யில்லை. புரை எடுத்தாயிற்று, லேசர் வைத்தாயிற்று, கண்ணுக்குள் ஊசியும் போட்டாயிற்று. எந்தப் பவர் கண்ணாடி போட்டாலும் அட்டையில் இரண்டாவது வரிக்குக் கீழே இறங்க முடியவில்லை. வைத்தியம் முடிந்துவிட்டது. ஆனால் பார்வை முழுக்கப் போய்விடவில்லை. மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்ய முடியும் என்று பார்ப்பது என் வேலை. மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் லோ விஷன் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். மாடியில், நடையின் கடைசியில் என் அறை. பார்வை குறைந்தவர்கள் வர வேண்டிய அறையை இத்தனை திருப்பம் தாண்டி வைக்க யாருக்குத் தோன்றியதோ!

கண்ணைச் சோதிக்கும் முன் நான் கேட்பது, "உங்களுக்கு என்ன வேலை நடக்கணும்?" என்பதைத்தான். "கண்ணு தெரியணும்" என்பார்கள். அது பதிலாகாது. தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று மறுபடி கேட்பேன். அதன் பிறகுதான் விஷயம் வெளியே வரும். ஒருவருக்குப் பேருந்தின் பெயர்ப்பலகை, இன்னொருவருக்கு மாத்திரை அட்டை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மனைவியை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, சேவிங் செய்யும்போது கன்னத்தில் விட்டுப்போகும் முடிதான் தன் பிரச்சினை என்றார். பத்து ரூபாய்ச் சமாச்சாரம் என்று சிரிக்கத் தோன்றும். அவருக்கு அது மானப் பிரச்சினை. உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்றும், அதன் பக்கத்தில் ஒரு விளக்கும் போதுமாக இருந்தது.

மாட்டுத்தாவணிப் பக்கம் பூ விற்கும் அம்மா ஒருவர் வந்தார். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. பூ கட்ட முடியாமல் வந்திருக்கிறார் என்று மகன் சொன்னதை நானும் எழுதிக்கொண்டேன். அவர் குறுக்கிட்டார். "பூக் கட்டக் கண்ணு எதுக்குத் தாயி? விரலு பாத்துக்கும். காசுதான் தெரிய மாட்டேங்குது." புதிய நோட்டுகளில் 100-க்கும் 200-க்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 200-க்கும் 500-க்கும் அதே 4. பழைய நோட்டுகளில் இருந்த அளவு வித்தியாசத்துக்குப் பழகிய கைக்கு இது போதாது. ஓரத்தில் தடவிப் பார்க்கச் சாய்ந்த கோடுகள் உண்டு. 100-க்கு நான்கு, 200-க்கு நான்கு கோடுகளோடு இரண்டு வட்டம், 500-க்கு ஐந்து. பத்துப் பேர் கைமாறிக் கசங்கிய நோட்டில் அவை எங்கே தட்டுப்படும்? ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. கேமராவில் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈரக்கையோடு முழம் அளந்து கொடுக்கிறவர் ஒவ்வொரு நோட்டுக்கும் போனை எடுக்க முடியுமா?

கடைசியில் அவருக்குக் கொடுத்தது தலையில் மாட்டும் சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று. நோட்டு வந்ததும் வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும்: ஊதா 100, மஞ்சள் 200, சாம்பல் 500. உடனே மடித்துவிட வேண்டும். 500-ஐ நீளவாக்கில், 200-ஐ குறுக்கே, 100-ஐ மடிக்காமல். சுருக்குப்பைக்குள் போன பிறகு கண்ணுக்கு வேலையில்லை. இதில் மருத்துவம் எங்கே இருக்கிறது என்று என்னோடு படித்த தோழி கேட்டாள். இந்தத் துறையில் பாதி இதுதான்.

லோ விஷன் என்றால் எது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. மற்றவர்கள் 60 மீட்டர் தூரத்திலிருந்து படித்துவிடும் எழுத்தை ஒருவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறார் என்றால் அவர் பார்வை 6/60. சரியான கண்ணாடி போட்ட பிறகும், இரண்டில் நல்ல கண்ணில் 6/18-க்குக் கீழே 3/60 வரை இருந்தால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் குறைபார்வை என்கிறது. அதற்கும் கீழே போனால் பார்வையின்மை. எழுத்து எத்தனை தெளிவாகத் தெரிந்தாலும், பார்வையின் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி வரை சுருங்கியிருந்தால் அதுவும் குறைபார்வைதான். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. உலகம் அவ்வளவுதான் தெரிகிறது என்று வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

ஊர் குழம்புவது இந்த இரண்டாவது வகையில்தான். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் முதலில் மாலைக்கண் போல இருட்டில் பார்வை தடுமாறும். பிறகு ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும். நடு மட்டும் பல வருடம் நன்றாக இருக்கும். இவர் தரையில் விழுந்த ஊசியைப் பொறுக்கி எடுப்பார், பாதி திறந்த கதவில் போய் முட்டிக்கொள்வார். வெள்ளைக் கோலைப் பிடித்தபடி பேருந்தில் ஏறி, உட்கார்ந்ததும் செய்தித்தாளை விரிப்பார். பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுவில் உள்ள மாக்குலா தேய்ந்துபோகும் நோயில் எல்லாம் தலைகீழ். நடுப்பார்வை போய்விடும், ஓரம் இருக்கும். தெருவில் யார் துணையும் இல்லாமல் நடப்பார். எதிரே வந்து சிரிக்கிற சொந்தத் தங்கையைத் தெரியாது. "வசதி வந்ததும் கண்ணு தெரியலபோல" என்று தங்கை ஒரு வருடம் பேசாமல் இருந்த கதையை ஒரு பெரியவர் சொன்னார். அவருக்கு வசதியும் வரவில்லை.

அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். என் சுவரில் இருப்பது மற்ற அறைகளில் தொங்கும் அட்டை அல்ல. 1862-இல் ஸ்னெல்லன் செய்த அந்த அட்டையின் உச்சியில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். அது தெரியாவிட்டால் "விரலை எண்ணுங்க" என்று கையைக் காட்டுவார்கள். எனக்கு அந்த விரல் காட்டும் வழக்கமே பிடிக்காது. அளவும் கிடைக்காது, எதிரே இருப்பவரும் கூனிக்குறுகிப் போவார். நான் வைத்திருப்பது 1976-இல் மெல்போர்னில் பெய்லியும் லவியும் வடிவமைத்த வகை. எல்லா வரியிலும் ஐந்து எழுத்து, வரிக்கு வரி ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டு போகும். அதை 6 மீட்டரில் வைக்க வேண்டியதில்லை. 2 மீட்டருக்கு, தேவையென்றால் 1 மீட்டருக்கு நகர்த்திக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். பல வருடமாக ஓர் எழுத்தும் படிக்காத மனிதர் ஐந்து எழுத்தை வரிசையாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு லென்ஸ். கெஸ்டன்பாம் என்பவர் பெயரில் ஓர் எளிய கணக்கு உண்டு. 6/60 பார்வை என்றால் 60-ஐ 6-ஆல் வகுக்க வேண்டும். பத்து. பேப்பர் படிக்க 10 டயாப்டர் பவரிலிருந்து தொடங்கலாம். ஆனால் 10 டயாப்டர் லென்ஸைப் போட்டால் புத்தகத்தை 10 சென்டிமீட்டரில் பிடித்தாக வேண்டும். 20 டயாப்டர் என்றால் 5 சென்டிமீட்டர், மூக்கு கிட்டத்தட்டத் தாளில் இடிக்கும். எழுத்து பெரிதாகத் தெரியத் தெரிய, ஒரு நேரத்தில் தெரியும் எழுத்துகள் குறையும். இதைச் சொல்லாமல் லென்ஸைக் கொடுத்தனுப்பினால் அது பீரோவுக்குள் போய்விடும். பலர் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய தட்டுப் போன்ற பூதக்கண்ணாடியோடு வருவார்கள். "இம்புட்டுப் பெருசு, ஒண்ணும் தெரியல" என்பார்கள். பெரிதாக இருப்பதுதான் சிக்கல். வட்டம் அகலமாக அகலமாக அதில் வைக்க முடிகிற பவர் குறைந்துவிடும். நல்ல பவருள்ள லென்ஸ் ரூபாய் நாணயம் அளவில்தான் இருக்கும்.

கிட்டப் பிடித்துப் படித்தால் கண் கெட்டுவிடும் என்ற பயத்தோடு நான் தினமும் மல்லுக்கு நிற்கிறேன். நான்காவது படிக்கும் பையன் ஒருவன் வந்தான். அல்பினிசம், முடி, தோல், இமை எல்லாம் வெளுப்பு, விழி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். புத்தகத்தை முகத்தில் ஒட்டி வைத்துப் படிக்கிறான் என்று அப்பா முதுகில் ஒன்று வைப்பாராம். டீச்சரோ அக்கறையாக அவனை ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்திருந்தார். நிறமி இல்லாத கண்ணுக்கு ஜன்னல் வெளிச்சம் சித்திரவதை. அவனை ஜன்னலுக்கு முதுகு காட்டி முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். விளிம்பு நீண்ட தொப்பி ஒன்றைப் போட அனுமதி கேட்டேன். கரும்பலகைக்கு ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கும் குட்டி டெலஸ்கோப். அப்பாவிடம் சொன்னேன்: "கிட்ட வச்சுத்தான் படிப்பான். கண்ணு கெடாது. அவனுக்கு அதுதான்யா லென்சு."

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. 1908-இல் லண்டனில் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு தொடங்கியபோது அடிப்படை எண்ணமே, இருக்கிற பார்வையைச் செலவழிக்காமல் காப்பாற்ற வேண்டும் என்பதுதான். அமெரிக்காவிலும் அதே வழிதான் வெகுகாலம். டெக்ஸஸில் பார்வையற்றோர் பள்ளியில் கற்பித்த நட்டாலி பர்ராகாவுக்கு அதில் சந்தேகம் வந்தது. அவர் மகளுக்கே பார்வை குறைவு. பார்வையற்றோர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் மிச்சப் பார்வை உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, பார்ப்பதற்கே பயிற்சி கொடுத்தார். 1964-இல் வெளியான அந்த ஆய்வில், அளந்து பார்த்த பார்வைத்திறன் அப்படியே இருக்க, பிள்ளைகள் பார்த்துப் புரிந்துகொள்வது கூடியிருந்தது. பார்வை சேமிக்கிற பண்டமில்லை, பழக்கினால் தேறுகிற ஒன்று என்பது அதன் பிறகுதான் பாடமாயிற்று. அறுபது வருடமாகிவிட்டது. மேலூர், உசிலம்பட்டி வரைக்கும் வந்துசேர இன்னும் நேரமாகும்போலிருக்கிறது.

இதே துறையில் எனக்குப் பிடித்த மனிதர் சாமுவேல் ஜெனன்ஸ்கி. பிறந்ததும் கண்ணில் விட்ட சொட்டு மருந்தில் நேர்ந்த தவறால் பார்வையின் பெரும்பகுதியை இழந்தவர். கரும்பலகையை பைனாகுலர் வைத்துப் பார்த்தே கணிதத்தில் டாக்டர் பட்டம் வரை போனார். கலிபோர்னியாவில் ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 1960-களின் இறுதியில், சக ஊழியர்களோடு சேர்ந்து ஒரு கேமராவையும் டி.வி.யையும் இணைத்து, தாளில் உள்ளதைத் திரையில் பெரிதாக்கிப் படிக்கும் கருவியைச் செய்தார். தனக்குத் தேவை, அதனால் செய்தார். அந்த வகைக் கருவி எங்கள் பிரிவில் இன்றும் மேஜையில் இருக்கிறது, விலையும் அதிகம். ஆனால் இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் போன் அந்த வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடுகிறது. படம் எடு, விரலால் விரி, நிறத்தைத் தலைகீழாக்கிக் கறுப்பில் வெள்ளை எழுத்தாக வை. போனின் அமைப்புகளுக்குள் போய் உருப்பெருக்கத்தை முடுக்கிக் கொடுப்பதில் என் நேரம் இப்போதெல்லாம் நிறையப் போகிறது. திரையில் இருப்பதை டாக்பேக் என்ற வசதி தமிழில் படித்துச் சொல்லும். பேரப்பிள்ளைகள் எனக்கு நல்ல உதவியாளர்கள்.

நடுப்பார்வை போனவர்களுக்கு லென்ஸ் மட்டும் போதாது. பார்க்க வேண்டியதை நேராகப் பார்க்காமல், சற்று மேலேயோ பக்கவாட்டிலோ பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். விழித்திரையில் கெடாத ஓரத்தின் மேல் உருவம் விழட்டும் என்பதற்காக. கடிகார முகத்தை வரைந்து, "பன்னண்ட பாருங்க, நடுவுல இருக்கிற எழுத்து தெளியுதா? இப்ப ரெண்டு மணியப் பாருங்க" என்று ஒவ்வொரு திசையாகத் தேடுவோம். எது தோதோ அதைத் தினமும் பழக வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நன்றாகப் பழகிய ஒருவர், மருமகள் முகத்தைப் பார்க்க அவள் காதுக்கு மேலே பார்ப்பார். "மாமா என் முகத்தப் பாத்துப் பேசவே மாட்டேங்கிறாரு, என்ன கோபமோ" என்று அவள் புழுங்குவாள். குடும்பத்தையும் ஒரு நாள் வரச்சொல்லி இதை விளக்குவதும் பயிற்சியில் சேர்த்தி.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை பெரும்பாலும் செலவில்லாதவை. குழல் விளக்கு உத்தரத்தில் இருப்பதால் பயனில்லை. கழுத்து வளையும் மேஜை விளக்கைத் தோளுக்குப் பக்கத்தில், தாளுக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் எதுவரை இருக்கிறதென்று என் நோயாளிகளுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே பளபளப்பு. கறுப்புக் காபியை வெள்ளைக் கோப்பையில் ஊற்றட்டும், பாலை அடர்நிற லோட்டாவில். வெள்ளைப் பீங்கான் தட்டில் தயிர்ச்சாதம் போட்டால் பாதி தட்டிலேயே மிஞ்சும். வாழை இலையில் போட்டால் ஒரு பருக்கை மிஞ்சாது. மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் மஞ்சள் பட்டை அடிக்கச் சொல்வேன். புது வீட்டுப் படியில் பெயிண்டா என்று முகம் சுளிப்பவர்களுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் செலவைச் சொன்னால் அடித்துவிடுவார்கள்.

இனிச் சொல்லப்போவதைச் சிலர் யாரிடமும் சொல்லாமலே வைத்திருக்கிறார்கள். மாக்குலா தேய்ந்த ஓர் ஆச்சி, கூடத்தில் சின்னப் பிள்ளைகள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். சத்தமே போடமாட்டார்களாம். கிட்டப் போனால் காணாமல் போய்விடுவார்களாம். வீட்டில் காத்துக்கருப்பு என்று முடிவு செய்து பூசாரியிடம் கூட்டிப்போய்ச் சாம்பிராணி போட்டு வந்திருந்தார்கள். அடுத்தது மனநல மருத்துவர் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆச்சிக்கு மனநோயும் இல்லை, பேயும் பிடிக்கவில்லை. கண்ணிலிருந்து சேதி வருவது குறைந்ததும், பார்வைக்கென்றே இருக்கும் மூளைப்பகுதி சும்மா இருக்கமாட்டாமல் தானாகவே படம் போடுகிறது. சுவிட்சர்லாந்துக்காரரான சார்ல்ஸ் போனே, புரையால் பார்வை மங்கிய தன் தாத்தா கண்ட மனிதர்களையும் பறவைகளையும் பற்றி 1760-இலேயே எழுதினார். அவர் பெயர்தான் இதற்கு. காண்பவருக்கே இது நிஜமில்லை என்று தெரியும், குரல் கேட்காது. பெரும்பாலும் காலப்போக்கில் குறைந்துவிடும். விளக்கைப் போடுவது, விழியை இடமும் வலமுமாகச் சிலமுறை வேகமாகத் திருப்புவது, எழுந்து நடப்பது இவையே பலருக்குப் போதும். குரலும் கேட்டால், அல்லது நிஜமென்றே நம்பத் தொடங்கினால் வேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான் இப்போது வயதானவர்கள் எல்லாரிடமும் நானாகவே கேட்டுவிடுகிறேன்: "பார்வ கொறஞ்சவங்களுக்குச் சில நேரம் ஆளு, பூவு, கோலமெல்லாம் தெரியும். உங்களுக்கு உண்டா?" பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மெல்லத் தலையாட்டுகிறவர்கள் உண்டு. அந்த ஆச்சி, "அப்ப எனக்குப் புத்தி பேதலிக்கலயா?" என்று மூன்று தடவை கேட்டார்.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 40 சதவீதக் குறைபாடு என்று மருத்துவக் குழு சான்றளித்தால் தேசிய அடையாள அட்டை கிடைக்கும். மத்திய அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் சேர்த்து. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், தேவையானால் எழுத உதவியாள். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் நிறைய. கேட்டால், "பொண்ணுக்கு அட்டை வாங்கினா யார் கட்டுவா?" என்பார்கள். லோ விஷன் பிரிவு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. சிறிய ஊர்களில் தேட வேண்டும். இருக்கிற இடத்திலும் கேட்டால்தான் அனுப்புவார்கள், ஆகவே கேளுங்கள். வரும்போது பழைய கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். படிக்க முடியாத அந்தப் பேப்பரையும், ரேஷன் அட்டையையும், இன்சுலின் போடுகிறவர் என்றால் அந்தச் சிரிஞ்சையும். சிரிஞ்சின் கோடு தெரியாமல் குத்துமதிப்பாக மருந்து ஏற்றுகிறவர்களைப் பார்த்து நான் பதறியிருக்கிறேன். பேனா வகை இன்சுலின் பலவற்றில் யூனிட்டுக்கு ஒரு சொடுக்குச் சத்தம், எண்ணிக்கொண்டே திருப்பலாம்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார், திருமங்கலம் பக்கத்துக் கிராமம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, பரப்பு 15 டிகிரிக்கு வந்துவிட்டது. வெள்ளைக் கோலை எப்படி வீசி நடப்பது என்று கற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. மதுரையில் மட்டும் பிடிப்பாராம், ஊருக்குள் மாட்டாராம். "தங்கச்சிக்குப் பேசி முடிச்சிருக்கு மேடம். தையில கல்யாணம். அதுவரைக்கும் யாரும் பாக்க வேண்டாம்." மாப்பிள்ளை யார் என்று கேட்டேன். அத்தை மகன். இவருடைய அப்பாவும் அம்மாவும் மாமன், அக்கா மகள் உறவு.

அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். இந்த நோய் பல குடும்பங்களில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே கெட்ட மரபணு வந்து சேரும்போது வெளிப்படுவது. ஒன்று மட்டும் இருப்பவருக்குக் கண் நன்றாகவே இருக்கும், அவருக்கே தெரியாது. தங்கையிடம் அது இருக்க வாய்ப்பு உண்டு. அதே குடும்பத்து ரத்தம் என்பதால் அத்தை மகனிடமும் இருக்கலாம். இருவரிடமும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். இதைத் தாளில் வட்டம் போட்டு விளக்கினேன். அந்த அம்மா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்தச் சம்பந்தம் வேண்டாங்கிறீங்களா?" என்றார்.

அதைச் சொல்லும் இடம் என்னுடையதில்லை. மரபணு ஆலோசகருக்கு ஒரு கடிதம் எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே போய்ப் பார்க்க வேண்டும் என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். பையனிடம், தை வரும்வரை இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரும்படியும், வரப்பு வழியைவிட்டு ரோட்டு வழியாகப் போகும்படியும் சொல்லியிருக்கிறேன். கோல் பயிற்சி செவ்வாயும் வெள்ளியும் நடக்கிறது, தவறாமல் வருகிறார். அம்மா அந்தக் கடிதத்தை எடுத்துப் போயிருக்கிறார், இன்னும் தகவல் இல்லை.